தடைக்காலத்துப் பாறை

ஏரியோரத்து மேசைக்கு நாற்பது நிமிஷம் நின்றோம்.
கிடைத்ததும்
தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார் இவர்.
"நீ பாரு. எனக்கு வருஷத்துல பத்து மாசம் அதான்."

இவர் பேர் சலேத்.
பேருக்குரிய மாதா கொடைக்கானலில் இருக்கிறாள் என்று வந்தோம்.
மெழுகுவர்த்தி காலையிலேயே ஏற்றியாயிற்று,
மிச்சமிருந்தது பசி.

தருவைக்குளத்தில் படகுகள் கரையேறி
வயிறு சுரண்டப்பட்டு
பெயிண்டுக்குக் காத்துக் கிடக்கின்றன.
இங்கே வாத்துத்தலை வைத்த படகில்
நாலு பேர் மிதிக்க மிதிக்க
அது நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.
"அம்மா, அவங்களுக்கு சுக்கான் தெரியல" என்கிறான் ரொசாரி.

சுவரில் அலங்காரத்துக்கு ஒரு வலை.
முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தார்:
"இதுல காத்துகூட மாட்டாது."

ஸ்வெட்டர் போட்ட பையன், தலையில் மாலுமித் தொப்பி,
சட்டையில் குத்திய பேர் குழந்தைவேலு.
"வஞ்சிரம் முடிஞ்சிருச்சு சார். பாறை இருக்கு."
ஜன்னல் வழியே பார்த்தேன்.
இருந்தது, பாதிக்கு மேல் மஞ்சு மூடி.

"ஃப்ரெஷ்தான் சார், கடல்லேர்ந்து வருது."
எந்தக் கடல் என்று இவர் கேட்கவில்லை.
எங்கள் கடல் பூட்டிக் கிடக்கிறது.
மேற்குக் கடலுக்குப் பூட்டு ஜூனில்தான்.
அப்போ கொச்சி.
பெட்டியில் ஐஸ் உருக உருக
வத்தலக்குண்டில் வண்டி மாறி
நாங்கள் ஏறிய அதே வளைவுகளில் ஏறியிருக்கும்.
மெர்சிலின் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.
மீன் எத்தனை தடவையோ.

"சாருக்கு எந்த ஊரு?"
"மதுரை" என்றார், இமைக்காமல். "ஜவுளிக்கடை."
ரொசாரி வாயைத் திறந்தான்.
மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.
ஏனென்று நானும் கேட்கவில்லை.
ஒரு மத்தியானம்
கடல் இல்லாத ஆளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

"நீ எந்த ஊரு தம்பி?"
"பூம்பாறை சார்."
"அங்கயும் பாறைதானா."
கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தான்.
"வீட்ல பூண்டு வெள்ளாமை. கடல் இன்னும் பாத்ததில்ல."
"பெருசா ஒண்ணுமில்ல" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.
"இதேதான். கொஞ்சம் உப்பு."

வாழையிலையில் முழு மீன் வந்தது,
கண்மேல் எலுமிச்சை வில்லை.
எதை மறைக்க அந்த வில்லை என்று
எங்கள் தெருவில் ஆறு வயதுக்கே தெரியும்.
செவுளைத் தூக்கப் போன விரலை
பாதியில் மடக்கிக்கொண்டார்.
எட்டு நாள் என்று நான் பார்த்தேன்.
ஒன்பது என்று அவர் பார்த்தார்.
சாப்பிட்டோம்.
மலைப்பூண்டு காரமாக, அன்று பிடுங்கியதுபோல் இருந்தது.
வீட்டில் நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும்,
வயிறு உடைந்தது எங்கள் சட்டிக்கு.
இப்படி முழுசாக ஒன்று
எங்கள் நாலு பேருக்கும் நடுவில் படுத்ததில்லை.

தங்குகடல் போன இரவுகளில் நான் பார்க்கும் தண்ணீரில்
குறுக்கே எதுவும் இருக்காது.
இன்று தண்ணீரில் பாதியை
இவர் தலை மறைத்துக்கொண்டிருந்தது.
காதோரம் வெள்ளை.
உப்பென்று நினைத்துத் துடைக்கப் போனேன், நரை.

பில் ஆயிரத்து நானூறு.
ஏலக்காரன் கொடுக்கும் விலையை
மனசுக்குள் கழித்துப் பார்த்திருப்பார்.
வாயில் ஒன்றும் வரவில்லை.
நூறு ரூபாயைத் தட்டுக்கடியில் செருகினார்.

குழந்தைவேலு இலையை எடுக்கக் குனிந்தான்.
தலையிலிருந்து வால்வரை ஒரு முள் ஒடியாமல்
சீப்புபோல் கிடந்தது பாறை.
கன்னத்துச் சதையையும் விட்டுவைக்கவில்லை ரொசாரி.
பையன் முள்ளைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.
"ஜவுளிக்கடையில இதெல்லாம் பழக்குவாங்களா சார்?"
"நூல் பிசகாமப் பிரிக்கிறதுதானே தம்பி."

வெளியே மஞ்சு இறங்கி ஏரியே இல்லை.
துடுப்புச் சத்தம் மட்டும் எங்கோ.
அப்போதுதான் இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்,
சத்தம் எந்தத் திசை என்று
தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு.

இன்னும் இருபத்திமூன்று நாள்.
ரொசாரி இவர் சட்டையை இழுத்தான்:
"நாளைக்கு மதுரைக்குப் போறோமா,
நம்ம ஊருக்கா?"